மேனேஜர் மீனின் விரதம்

— இட்லியா? மீனுக்கா?

— ஆமாங்க்கா. காலையில ஒரு இட்லிய உதுத்துப் போட்டேன். வாயில வாங்குச்சு, மென்னுச்சு, அப்புறம் கண்ணாடி மேலயே துப்பிடுச்சு.

— துப்பாம என்னா பண்ணும் லேகா? சட்னி வெச்சியா?

— கிண்டல் பண்ணாதீங்கக்கா. செவுத்துக்கு அந்தாண்ட நின்னு சிரிக்காம உள்ள வந்து பாருங்க.

— தோ வந்துட்டேன். அடுத்தவங்க வூட்டு வெவகாரம் நமக்கெதுக்குன்னுதான் இத்தன நாளா ஒண்ணும் கேக்காம இருந்தேன்.

— நேத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தீங்களே.

— எட்டிப் பாத்தேன். கேக்கலியே. எங்க, தள்ளு... மாதாவே! இதுவா மேனேஜரு? போன பொங்கலுக்குப் பாத்தப்ப கறுப்புல நெருப்பு வெச்ச மாதிரி ஜொலிச்சுச்சே. இப்ப மழையில நனைஞ்ச அட்டப்பெட்டியாட்டம் கெடக்குது.

— அவருதான் மேனேஜருன்னு பேரு வெச்சாரு. கம்பெனியில அவருக்கு மேல இருந்தவரு இப்பிடித்தான் வாயத் தொறந்து தொறந்து மூடுவாராம், ஒரு பேச்சும் வராதாம். இப்ப இது வாயக்கூடத் தொறக்க மாட்டேங்குது. மூலையில சாஞ்சிட்டே கெடக்கு.

— தலையில பாரு, கண்ணுக்கு மேல. ஊசியில குத்துன மாதிரி குழி குழியா இருக்கு. வயிறு உப்பி இருக்கு. பதினோரு வருசம் ராபர்ட்டு கடையில ஒக்காந்தவ நான். தம்பி கடைன்னு பேருதான். கலர் மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னா அவனத் தேட மாட்டாங்க, சவரியம்மா எங்கன்னுதான் கேப்பாங்க. மறைக்காம சொல்லு. இட்லி தவிர வேற என்னா போடுற?

— மத்தியானம் பருப்பு சாதம், நாலு பருக்கை. சாயங்காலம் அவிச்ச கீரை. சனிக்கிழம சுண்டல். பிரதோசத்துக்குப் பட்டினி.

— பிரதோசத்துக்கா? சங்கடஹர சதுர்த்திய மட்டும் ஏன் வுட்டுட்ட?

— அக்கா!

— சரி சரி. கடையில வாங்குன பாக்கெட்டுத் தீனி இருந்துச்சே, அது எங்க?

— ஆனி மாசம் ஒரு நாளு அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த பாக்கெட்டப் படிச்சேங்க்கா. பொடி எழுத்துல போட்டிருக்கான், மீன் தூளு, இறால் தூளுன்னு. அப்பவே தூக்கி வெளிய எறிஞ்சிட்டேன்.

— எதுக்கு? ஆஸ்கர் மீனு வேற என்னத்தத் திங்கும், ஆஞ்சநேயருக்குச் சாத்துன வெண்ணையவா?

— வேண்டுதலுக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?

— ஒன் வூட்டுக்காரருக்காக நீ கவுச்சி வுட்டது தெரியும். தெருவுக்கே தெரியும்.

— தெருவுக்கு எப்பிடித் தெரியும்?

— அது... காத்து அடிக்குதுல்ல, அதுல போயிருக்கும். நீ கதைய சொல்லு.

— போன மார்கழியில, அவரு நெஞ்சு ஆப்பரேசனுக்கு மொத நாளு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில அவருகூட எங்க அக்காவ ஒக்கார வெச்சிட்டு, பஸ்ஸு புடிச்சு சிதம்பரம் ஓடுனேன். நடராசருக்கு எதிர்க்க நின்னு சொன்னேன். இவர எனக்குத் திருப்பிக் குடு, அடுத்த ஆருத்ரா தரிசனம் வரைக்கும் எங்க வாசப்படிக்குள்ள இருக்குற ஒரு உசுரும் கவுச்சி தொடாதுன்னு. பேரு சொல்லியே வேண்டிக்கிட்டேன். அவரு, நானு, மேனேஜரு.

— மீனு பேரையுமாடி சொன்ன?

— வீட்டுல மூணு பேருதானக்கா. ரெண்டு பேருன்னு சொன்னா சாமிக்குக் கொறைவா படும்னு தோணுச்சு.

— மேனேஜரு அதுக்கு சம்மதிச்சுச்சா?

— அவரு மட்டும் சம்மதிச்சாரா? மூக்குல குழாய மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தாரு.

— அதுவும் சரிதான்.

— சிரிக்காதீங்க. இது செத்துப்போனா என்னா அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. மூணு பேரச் சொன்னேன். மூணுல ஒண்ணு போயிட்டா அடுத்தது யாரு? தூங்கி எட்டு நாளாச்சுக்கா. மனசு லேசா இருக்க மீனப் பாருங்கன்னு டாக்டரு அவருக்குச் சொன்னாரு. இப்ப இந்த மீனப் பாத்துதான் அவருக்குப் படபடன்னு வருதாம்.

— அழுவாத. அழுதா தொட்டித் தண்ணி உப்பாயிடும், அது வேற ஒரு வியாதி. நான் இருக்கேன்ல. இதவிட மோசமானதெல்லாம் பொழைக்க வெச்சிருக்கேன். நெல்லிக்குப்பத்துலருந்து ஒருத்தன் ஒரு வருசம் பூரா வெறும் பிஸ்கெட்டுப் போட்டு ஒரு ஆஸ்கரத் தூக்கியாந்தான். ரெண்டே மாசம். அப்புறம் அவன் வெரலக் கடிச்சுட்டுதான் அது ஊருக்குப் போச்சு.

— அப்ப இதுக்கு என்னதான் குடுக்கணும்?

— இது வேட்டைக்காரப் பய. ஒரே தீனியத் தெனமும் போட்டா, அது எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் ஒடம்புக்கு ஏதாவது ஒண்ணு கொறஞ்சிடும். மாத்தி மாத்திக் குடுக்கணும். அடிப்படைக்கு நல்ல குருணைத் தீனி. அதுக்கு மேல ஒரு நாளு இறாலு. ஓட்டோட, பொடிசா நறுக்கிப் போடணும், அந்த ஓடுதான் நெறத்தக் குடுக்கும். ஒரு நாளு கழுவுன மண்புழு. ஒரு நாளு ஐஸ்ல ஒறைய வெச்ச ரத்தப்புழு.

— சிவ சிவா.

— காதப் பொத்தாத, கேளு. உசுரோட குஞ்சு மீனு வாங்கிப் போடக் கூடாது, அது எவன் வூட்டு நோயையோ கூட்டியாரும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வேணாம், அந்தக் கொழுப்பு இதுக்கு செரிக்காது. ரெண்டு நிமிசத்துல எவ்ளோ திங்குதோ அவ்ளோதான், மிச்சம் மெதந்தா வலையால அள்ளிடணும். நடுவுல ஒரு நாளு பச்சப் பட்டாணிய அவிச்சு, தோல உரிச்சு, வயிறு எளக.

— பட்டாணி நானும் போட்டேனே.

— பட்டாணி தொட்டுக்க லேகா. நீ தொட்டுக்கிறதையே சாப்பாடாக்கிட்ட.

— பட்டினி?

— வாரத்துல ஒரு நாளு பட்டினி நல்லதுதான். அந்த ஒரு பாடத்துல மட்டும் நீ பாஸு.

— இதெல்லாம் என் வாசப்படி தாண்டாதுக்கா. அவரும்தான் எளைச்சிட்டாரு. சட்டை ஹேங்கர்ல தொங்குற மாதிரி தொங்குது. அவருக்கே நான் எறங்கி வரல.

— அண்ணன் மீனு சாப்புடலாம்னு டாக்டரு சொல்லல?

— சொன்னாரு. வறுக்காம, கொழம்பா வெச்சு, வாரத்துல ரெண்டு மூணு தடவ குடுங்கன்னாரு. ஒவ்வொரு தடவ போறப்பவும் சொல்றாரு. விடுங்கக்கா. நான் வாய் தொறந்து சொன்னத நானே எப்பிடி மாத்துறது?

— ஆமா, அது தப்புதான். எங்களுக்கும் வெள்ளிக்கிழம கவுச்சி கெடயாது.

— போன வெள்ளிக்கிழம வஞ்சிரம் வறுத்தீங்க. ஜன்னல சாத்திட்டுதான் அவருக்குச் சோறு போட்டேன்.

— மீனு எங்க கணக்குல கவுச்சி இல்ல.

— மீனு கவுச்சி இல்லாம வேற என்னாக்கா?

— அது எங்க சாமியாரக் கேட்டாத்தான் தெரியும். இரு, இரு. நீ வாசப்படின்னுதான சொன்ன? ஒன் வாசப்படிக்குள்ள இருக்குற உசுருதான?

— ஆமா.

— அப்ப மேனேஜரு என் வாசப்படிக்குள்ள வந்துட்டா?

— வந்துட்டா?

— தொட்டிய எங்க வூட்டு ஹால்ல வெச்சிடுறேன். ஆருத்ரா முடியட்டும், திரும்பத் தூக்கிட்டு வந்துடு. சாமிக்கும் கொறையில்ல, மீனுக்கும் கொறையில்ல. என்னா யோசிக்குற?

— அவரு பாக்க வரலாமா?

— இதென்னா கேள்வி? கதவு தொறந்தே கெடக்கும்.

— நேரம் காலம் பாக்க மாட்டாரு. நீங்க சமைக்கிற நேரம், சாப்புடுற நேரம்னு வந்து நிப்பாரு.

— நிக்கட்டும். அண்ணனுக்கு ஒரு சேரு எப்பவும் காலியா இருக்கும்.

— அப்ப சரிக்கா. நாலு ஆளச் சொல்லி இன்னிக்கே தூக்கிடலாம். ஆனா ஒண்ணு. மீனுக்கு வேண்டிக்கிட்ட கதை வெளிய போகக் கூடாது. சிரிப்பாங்க.

— என் வாயி பூட்டு.

— அவருக்கு மூணு எடத்துல அடைப்புன்னு எதிர்வீட்டு அமிர்தத்துக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?

— தெருவுல நாலுன்னு பரவிக் கெடந்துச்சு லேகா. மூணுன்னு திருத்தத்தான் வாயத் தொறந்தேன்.

*

— வாங்கண்ணே, வாங்க. காலையில ஏழு மணிக்கு வந்தீங்க. பத்து மணிக்கு வந்தீங்க. இப்ப மணி ஒண்ணு. மேனேஜரு எங்க வூட்டுக்கு வந்து இருவது நாளாச்சு, சம்பந்தி வூட்டுல விட்ட பொண்ணக்கூட யாரும் இப்பிடிப் பாக்க வர மாட்டாங்க.

— டாக்டர் ஆர்டரு சவரிம்மா. தெனம் அரை மணி நேரம் மீனப் பாத்தாகணும்.

— அரை மணி. நீங்க டபுள் ஷிஃப்ட்டு பாக்குறீங்க.

— அடேங்கப்பா, பாருங்களேன் இவன! அந்த ஆரஞ்சு வளையம் திரும்ப வந்துடுச்சு. குழியெல்லாம் தூந்துட்டு வருது. என்னப் பாத்ததும் கண்ணாடிகிட்ட வந்து ஆடுறான் பாருங்க.

— ஒங்களப் பாத்து இல்லண்ணே. என் கையில இறாலு இருக்கு. தள்ளுங்க.

— மெதுவா... ஆகா. என்னா ஒரு கவ்வு! மூணு துண்டு. எண்ணிட்டேன், மூணு.

— எண்ணாதீங்க, கண்ணு படும்.

— செவுத்துல என்னா சார்ட்டு இது? காலண்டருக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்கீங்க. திங்கள், குருணை. செவ்வாய், இறால். புதன், மண்புழு. வியாழன், குருணையும் பட்டாணியும். வெள்ளி, ரத்தப்புழு. சனி, கிழங்கா மீன் சதை. ஞாயிறு, பட்டினி. சவரிம்மா, நான் முப்பது வருசம் சிப்காட்டு கம்பெனியில இருந்தேன். கேன்டீன்ல இந்த மாதிரி ஒரு மெனு நான் பாத்தது கெடயாது.

— மாத்தி மாத்திப் போட்டாத்தான் ஒடம்பு தேறும்.

— என் சார்ட்டயும் கேளுங்க. திங்கள், சொரக்காய் கூட்டு. செவ்வாய், பீர்க்கங்காய் கூட்டு. புதன், பொடலங்காய் கூட்டு. வியாழன் மறுபடி சொரக்காய், மாறுதலுக்குப் பொரியல். வெள்ளிக்கிழம வீட்ல விசேசம், அதனால சொரக்காயிலயே பாயசம்.

— லேகா ஒங்க நல்லதுக்குத்தான செய்யுது.

— நான் கொற சொல்லவே இல்ல. அவ இல்லன்னா நான் இந்த சேர்ல இல்ல, அங்க படத்துல இருப்பேன். லாஜிக்கா ஒரு சந்தேகம், அவ்ளோதான். அடுப்புல என்னா?

— ரசம்.

— ரசத்துக்கு மாங்கா போட மாட்டாங்களே.

— எங்க வூட்டுல போடுவோம்.

— சவரிம்மா, இது கெமிக்கல் கம்பெனி மூக்கு. எந்தக் குழாயில என்னா கசியுதுன்னு கண்ணக் கட்டி வுட்டாலும் சொல்லும். அது சங்கரா. பச்ச மாங்கா போட்ட கொழம்பு. மீனு காலையில வாங்குனது, வெட்டி ரெண்டு மணி நேரந்தான் ஆவுது.

— மீன்காரி தைலம்மா தேவனாம்பட்டினத்துலருந்து கூடையில கொண்டாந்துச்சு... ஐயோ, நான் எதுக்கு ஒங்ககிட்ட இதச் சொல்றேன்? எந்திரிங்கண்ணே. மீனப் பாத்தாச்சு, வூட்டுக்குப் போயி சாப்புடுங்க.

— போறேன். லாஜிக்குக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தத் தொட்டி எதுக்கு இங்க வந்துச்சு?

— ஒங்க வாசப்படிக்குள்ள கவுச்சி ஆவாதுன்னு.

— இது யாரு வாசப்படி?

— என்னுது.

— நான் இப்ப எங்க ஒக்காந்திருக்கேன்?

— அண்ணே, வேணாம்.

— மேனேஜருக்கு ஒரு சட்டம், தொழிலாளிக்கு ஒரு சட்டமா? இதுக்குத்தான் அந்தக் காலத்துல கேட்டுல ஒக்காந்து ஸ்ட்ரைக்கு பண்ணோம்.

— மீனு சாகக் கெடந்துச்சு. அதனால வழி பண்ணுனேன்.

— நான் மட்டும் என்னா? ஆறு கிலோ எறங்கியிருக்கேன். மாடிப்படி ஏறுனா ரெண்டு தடவ நிக்குறேன். டாக்டரு மீனு சாப்புடுங்கறாரு, நான் அவ மூஞ்சியப் பாக்குறேன், அவ தரையப் பாக்குறா. வீட்டுல நான் கேக்க மாட்டேன் சவரிம்மா. சத்தியமா கேக்க மாட்டேன். அவ பயந்துடுவா.

— எனக்கும் பயமா இருக்குண்ணே. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிடும்னு அன்னிக்கு அது அழுதப்ப நான் பக்கத்துல நின்னேன். நான் ஊரு வம்பு பேசுவேன். வஞ்சன பண்ண மாட்டேன். அந்தப் புள்ள சாமிகிட்ட குடுத்த வாக்க ஒரு கரண்டிக் கொழம்புல ஒடைக்கச் சொல்றீங்க.

— ஒடைக்கல. அவ கோடு போட்ட எடத்துக்கு வெளிய நிக்கிறேன். கோட்டுக்கு உள்ள ஒரு பருக்க தொட மாட்டேன். போயி சொரக்காயையும் முழுசா சாப்புடுவேன்.

— ஒங்க வாயில வாசன வருமே.

— சோம்பு பாக்கெட்ல இருக்கு.

— முன்னேற்பாடாத்தான் வந்திருக்கீங்க! இருவது நாளா மீனப் பாக்கல, என் அடுப்பப் பாத்திருக்கீங்க.

— ரெண்டும் ஒரே தெசையிலதான இருக்கு.

— ஒரே ஒரு துண்டு. வாலுத் துண்டு.

— வாலுல முள்ளுதான் இருக்கும். மேனேஜருக்கு மட்டும் சதையா பாத்துப் போடுறீங்க?

— சரி, நடுத் துண்டு. இன்னிக்கு மட்டும்.

— இன்னிக்கு மட்டும். நாளைக்கு வந்து நாளைக்குப் பேசிக்கலாம்.

— மாதாவே, என்ன மன்னிச்சுடு. யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது, சொல்லிட்டேன்.

— நான் வுட மாட்டேன். சந்தேகம் ஒங்க மேலதான்.

— அதான் எனக்கு வேதனையே. இந்த செம்மண்டலம் ஏரியாவுல இத்தன வருசம் குப்ப கொட்டுனதுல இதுதான் நெசமான சேதி. இத அமிர்தத்துகிட்டகூடச் சொல்ல முடியாம நான் எப்பிடி உசுரோட இருக்கப் போறேன்? சாப்புடுங்க. சாப்புடுங்கண்ணே... ஐயோ, இதுக்குப் போயி கண்ணுல தண்ணி வருது பாரு.

— காரம் சவரிம்மா.

— காரமே போடல.

*

— உள்ள வா லேகா, உள்ள வா. என்னா கையில ஃபைலு? பாண்டிச்சேரி போயிட்டு நேரா இங்கதான் வரியா? அண்ணன் எங்க? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு நீ இந்தப் பக்கம் வந்து. காப்பி போடட்டா? ஹால்ல வேணாம், வெளிய ஒக்காரலாமே, காத்து வருது.

— அவரு வீட்டுல படுத்திருக்காரு. பஸ்ல வந்த அசதி. நான் மேனேஜரப் பாக்கலாம்னு வந்தேன்.

— பாரு, பாரு, நல்லா பாரு. எப்பிடி இருக்குது? ராபர்ட்டு வந்து பாத்துட்டு இத போட்டோ புடிச்சு கடையில மாட்டப் போறேங்குறான். நெத்தியில ஒரு குழி இல்ல. நேத்து என் வளையலக் கவ்வ எகிறுச்சு.

— பொழச்சுக்கிச்சு.

— பொழச்சு ஒரு சுத்து பெருத்தும் போச்சு. நான் சொன்னேன்ல? சார்ட்டுப்படிதான். ஒரு வேள மாறல. நேத்து என்னா கெழம, வியாழன், குருணையும் பட்டாணியும். வேற ஒண்ணும் இல்ல. இந்த வூட்டுல யாரும் வேற ஒண்ணும் திங்கல.

— மூச்ச விட்டுட்டுப் பேசுங்கக்கா.

— விட்டுட்டுதான் பேசுறேன். டாக்டரு என்னா சொன்னாரு?

— நல்லா இருக்காராம். எடை நாலரை கிலோ ஏறியிருக்கு. ரத்தம் ஊறியிருக்கு. இதயத்த ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, இவர இந்த மாதிரி தேத்துனது யாரும்மான்னு என்னப் பாத்துக் கேட்டாரு.

— நீ என்னா சொன்ன?

— சொரக்காய்ன்னேன்.

— சொரக்கா நல்ல காயி. நீர்ச்சத்து.

— கல்யாணமாயி இருபத்தாறு வருசம். எங்க கம்மாபுரத்து வீட்டு விருந்துல சொரக்காய் கூட்டு வெச்சாங்கன்னு கோவிச்சுக்கிட்டு மறுவீட்டுக்கே வரமாட்டேன்னவரு அவரு. இப்ப ஒரு மாசமா வாய் பேசாம சாப்புட்டுட்டு, நல்லாருக்கு லேகான்னு சொல்லிட்டு எந்திரிக்கிறாரு. ஒரு நாளு கூட்டுல பெருங்காயம் போட மறந்துட்டேன். அதுவும் நல்லாருக்குன்னாரு.

— ஒடம்பு முடியாம இருந்து எந்திரிச்சா ஆம்பளைங்களுக்கு நாக்கு மாறும்னு சொல்லுவாங்க.

— யாரு சொல்லுவாங்க?

— யாராவது சொல்லுவாங்க. காப்பி போடுறேன்.

— ஒக்காருங்கக்கா. ஒண்ணுதான் சரியில்லன்னாரு டாக்டரு. பிரசரு ஏறியிருக்கு. நூத்தி அறுவது.

— நூத்தி அறுவதா?

— போன தடவ நூத்தி முப்பதுதான் இருந்துச்சு. இதயத்துல மூணு எடத்துல ஒட்டுப் போட்டவருக்கு இது ஆவாது, இப்பிடியே போனா மறுபடி பெட்டுலதான் படுக்கணும்னாரு.

— மாதாவே. நான் நெனச்சேன். நான் அன்னிக்கே நெனச்சேன். ஒங்க சாமி கணக்குத் தீக்குது. லேகா, இப்பிடி பக்கத்துல ஒக்காரு.

— என்னாக்கா நெனச்சீங்க?

— ஞாயித்துக்கிழம கோயில்ல சாமியாரு காதுல சொல்ல வேண்டியத ஒங்கிட்ட சொல்லப் போறேன். சொல்லி முடிச்சதும் அடிச்சாலும் சரி, தெருவுல நின்னு ஏசுனாலும் சரி. தப்பு என் மேலதான். அண்ணன் கேட்டாரு, நான் மனசு எளகிட்டேன். அவரு இங்க வந்து ஒக்காந்து...

— சொல்லாதீங்கக்கா.

— இல்ல லேகா, இத்தன நாளு இத வயித்துல வெச்சிக்கிட்டு நான் பட்ட பாடு...

— சொல்லாதீங்க. நீங்க சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நான் நிறுத்தியாகணும். ஆருத்ராவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

— அப்ப நீ...

— ஒரு மீனுக்காகவாக்கா நாலடித் தொட்டிய நாலு ஆள வெச்சு ஒங்க வீட்டுக்குத் தூக்க வுட்டேன்?

— அடிப்பாவி.

— மாத்திரைய டாக்டரு கூட்டிட்டாரு, மிச்சம் சமையல்ல இருக்குன்னாரு. என் அடுப்புல கொறைக்க இனிமே ஒண்ணுமில்ல. ஒங்க வீட்டுக் கொழம்புலதான் உப்பு ஜாஸ்தி, நாளையிலருந்து பாதியா போடுங்க.